மேலதிக கார்டில் இருந்த பெயர்

போன மாதம் லண்டனில், தோர்ண்டன் ஹீத் தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது யூட் அண்ணை என்னை மறித்தார். மன்னாரில் எங்களுக்கு அடுத்த பங்கைச் சேர்ந்தவர். இங்கே பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மகள் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறாள்.

“ரெஜினா, நீர் பாங்கில கார்ட் செக்‌ஷனில இருந்தனீர் எல்லே? என்ர கார்டில மகளின்ர பேரையும் சேர்த்துவிட்டா அவவுக்கு கிரெடிட் ஸ்கோர் ஏறுமாம். நியூ ஜேர்சியில இருக்கிற மச்சான் சொல்லுறான்.”

“அங்க ஏறும் அண்ணை. இஞ்ச ஏறாது.”

“ஏன் ஏறாது? கார்டில அவவின்ர பேர்தானே அடிச்சிருக்கும்?”

“பேர் அவவின்ர. கணக்கு உங்கட. அவ என்ன வாங்கினாலும் உங்கட பேரிலதான் பதியும். கட்டவேண்டிய பொறுப்பும் உங்கடதான். அவ நேரத்துக்கு நேரம் ஒழுங்கா நடந்தாலும் அந்த நல்ல பேர் உங்களுக்குத்தான் சேரும்.”

யூட் அண்ணையின் முகம் வாடிப்போனது. மச்சானில் இருந்த நம்பிக்கை என்னால் கெட்டுவிட்டது என்று நினைத்தாரோ தெரியாது. மகளுக்கு என்ன வழி என்று கேட்டார். கடன் கொடுப்பவர்கள் விலாசத்தைச் சரிபார்க்கிற வாக்காளர் பட்டியலில் அவளுடைய பெயர் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொன்னேன். பிறகு அவளுடைய சொந்தப் பெயரிலேயே, சிறிய கடன் எல்லையோடு ஒரு கார்ட் எடுக்கட்டும். மாதம் ஒரு சாமான் வாங்கட்டும். முழுத் தொகையும் வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழிகிறமாதிரி ஒழுங்கு செய்யட்டும். ஒரு வருடம் அதை மறந்துவிட்டுப் படிக்கட்டும்.

“இவ்வளவும்தானோ?”

“இவ்வளவும்தான்.”

இதை நான் இருபத்துநாலு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதில் இருபத்திரண்டு வருடம் அதற்குச் சம்பளமும் வாங்கினேன்.

நான் இருந்த வங்கியின் பெயரை எழுதப் போவதில்லை. ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. இப்போது ஒருவரைத் தன் கார்டில் சேர்க்க வேண்டுமென்றால் கைத்தொலைபேசியில் ஆறு தடவை விரலால் தட்டினால் போதும். யாரும் யாரோடும் பேசத் தேவையில்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு அந்தக் காலத்து வேலையைப் பற்றி இருபது நிமிடம் சொல்லும்படி பழைய அலுவலகத்தில் அண்மையில் கூப்பிட்டிருந்தார்கள். போய்ப் பேசினேன். நன்றாகவே பேசினேன் என்று நினைக்கிறேன். சிரித்தார்கள், கேள்வி கேட்டார்கள், கேக் வெட்டினார்கள். ஆனால் என் வேலைவாழ்வில் முக்கியமான ஒரு நாளை அங்கே சொல்லாமல் வந்துவிட்டேன். அதை எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

கிளையொன்றின் கவுண்டரில் ஆறு வருடம் நின்றபிறகுதான் குரொய்டனில் இருந்த கார்ட் பிரிவுக்கு மாற்றினார்கள். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உயர்ந்த கட்டடம், ஏழாம் மாடி. மூன்று கிழமைப் பயிற்சி. கணினியில் எந்தப் பெட்டியில் எதை அடிப்பது, கோபமாகக் கத்துகிறவரை எப்படி முடிக்க விடுவது, எதைச் சொல்லக் கூடாது. நாலாம் கிழமை காதில் ஹெட்செட்டை மாட்டிவிட்டு, “தொடங்குங்கள்” என்றார்கள்.

என் மேற்பார்வையாளர் மார்கரெட். வேல்ஸ்காரி. என்னைவிட நாலு வயது இளையவர். அவரைப்போல ஒரு ஆளை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. குரலை உயர்த்தமாட்டார். கஷ்டமான அழைப்பு ஒன்று வந்து யாராவது உதவிக்குக் கூப்பிட்டால், வந்து பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, காலைக் கம்பளத்தில் ஊன்றிக்கொண்டு, இரண்டாவது ஹெட்செட்டை மாட்டிக் கண்ணை மூடிவிடுவார். நித்திரை கொள்கிறார் என்றுதான் முதல் நாள் நினைத்தேன்.

அவரிடம் இரண்டு பழக்கங்கள் இருந்தன. ஒன்று, விதிப் புத்தகம். “இதைச் செய்யலாமா?” என்று கேட்டுப் போனால் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லமாட்டார். தடித்த கோப்பைத் தள்ளிவிட்டு, உரத்து வாசிக்கச் சொல்வார். வாசித்து முடித்ததும், “அடுத்த பந்தி” என்பார். “மார்கரெட், நான் கேட்டதற்கு இதுதான் பதில், அடுத்த பந்தி வேறு விஷயம்” என்றாலும் விடமாட்டார். விதியை எழுதியவர் எங்கே தயங்கினார் என்பது அடுத்த பந்தியில்தான் தெரியும் என்பது அவருடைய எண்ணம்.

மற்றது, நாலு எண்ணுவது. ஒருவர் தன் கார்டில் இன்னொருவரைச் சேர்க்கக் கேட்டால் முதலில் அவர்தான் கணக்குக்காரர் என்று உறுதி செய்வோம். முழுப்பெயர், பிறந்த திகதி, கடவுச்சொல்லில் இரண்டு எழுத்துகள், கடைசியாக எங்கே கார்டைப் பாவித்தார் என்பது. அதன்பிறகு மூன்று வசனங்களை ஒரு சொல்லும் மாறாமல் வாசிக்க வேண்டும். சேர்க்கப்படுகிறவர் செலவழிப்பதெல்லாம் உங்கள் பொறுப்பு. இதனால் அவர் பெயரில் கடன் வரலாறு எதுவும் உண்டாகாது. நீங்கள் விரும்பும்போது அவருடைய கார்டை நிறுத்தலாம். வாசித்து முடித்ததும் உடனே “சரியா?” என்று கேட்கக் கூடாது என்பார் மார்கரெட். மனசுக்குள் நாலு எண்ண வேண்டும். அந்த நாலு எண்ணுவதற்குள் பெரும்பாலானவர்கள் உண்மையான காரணத்தைத் தாங்களாகவே சொல்லிவிடுவார்கள். “உண்மையில் அம்மாவுக்குத்தான். அவருக்கு ஞாபகம் குறைகிறது.” “அவளோடு சமாதானமாகப் போகப் பார்க்கிறேன்.” அதற்குப் பிறகு அவர்களுக்கு வேண்டியது மேலதிக கார்ட்தானா, வேறு ஏதுமா என்று பேச முடியும்.

எங்களுடைய ஆட்கள் அழைத்தால் எனக்கு மாற்றிவிடுவார்கள். தமிழ்ப் பெயர்கள் கார்டின் நீளத்துக்கு அடங்குவதில்லை. சிவபாதசுந்தரத்தை எந்த எழுத்தில் வெட்டினால் அவருக்குக் கோபம் வராது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று பகிடி பண்ணுவார்கள். அது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வெஸ்ட் ஈலிங்கிலிருந்து ஒரு அம்மா, கணவர் இறந்து எட்டாம் நாள், சுப்பர்மார்க்கெட்டில் நின்றபடியே எடுத்து அழுதார். இருபது வருடமாகப் பாவித்த கார்ட் திடீரென்று வேலை செய்யவில்லை. கணக்குக்காரர் இறந்தால் மேலதிக கார்டும் அன்றோடு முடிந்தது என்று அவருக்கு ஒருவரும் சொன்னதில்லை. அன்று பின்னேரமே அரைப் பக்கத்தில் தமிழில் ஒரு அறிவித்தல் எழுதினேன். வங்கி அதை அச்சடிக்க மறுத்தது. நான் என் செலவில் போட்டோக்கொப்பி எடுத்து, எங்கள் தேவாலயத்திலும் கோயில்களிலும் ஒட்டினேன். அப்படித்தான் இருந்தேன் அப்போது. என் வேலை எனக்கு நன்றாகத் தெரியும் என்ற நம்பிக்கை நிறைய இருந்தது.

அந்த நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. கணக்கைக் கைத்தொலைபேசியில் பார்க்கிற வசதி இன்னும் வராத காலம். மாதம் ஒருமுறை தபாலில் ஸ்டேட்மென்ட் வரும். இடையில் தெரிய வேண்டுமென்றால் எங்களைத்தான் அழைக்க வேண்டும்.

காலை பதினொன்றேகால் போல ஒரு அழைப்பு. என் ஆங்கிலத்தைக் கேட்டதும், “நீங்கள் தமிழோ?” என்றார்.

“ஓம், சொல்லுங்கோ.”

“அப்பாடா. அக்கா, மனிசியின்ர அடிஷனல் கார்ட் களவு போயிட்டுதோ எண்டு பயமாக் கிடக்கு. கடைசியா எங்க பாவிச்சிருக்கு எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுவியளோ?”

நல்ல பண்பான குரல். பாதுகாப்புக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் தயங்காமல் பதில் சொன்னார். கணக்கு அவருடையது, மனைவியின் செலவும் அவருடைய கணக்கில்தான் பதிகிறது. கேட்க அவருக்கு உரிமை இருந்தது. கடைசி மூன்று கொள்வனவுகளை வாசித்தேன். மூன்றாவது, முதல்நாள் பின்னேரம், வட லண்டனில் ஒரு தெருவிலிருந்த கெமிஸ்ற் மருந்துக்கடை. தெருப் பெயரையும் சொன்னேன்.

“அப்ப கார்டை நிப்பாட்டிவிடட்டோ?” என்று கேட்டேன். களவு என்று ஒருவர் சொன்னால் அடுத்த வேலை அதுதான்.

“வேண்டாம் வேண்டாம். அப்பிடியே விடுங்கோ. ஒருவேளை அவதான் போனாவோ தெரியாது. நான் கேட்டுப் பாக்கிறன். நன்றி அக்கா.”

வைத்துவிட்டார். நான் கணக்கின் குறிப்பில் “11.20, கணக்குக்காரர் அழைத்தார், களவுச் சந்தேகம், மூன்று கொள்வனவுகள் வாசிக்கப்பட்டன, கார்டை நிறுத்த விரும்பவில்லை” என்று அடித்து, என் முதலெழுத்துகளையும் போட்டேன். அடுத்த அழைப்பை எடுத்தேன்.

கார்ட் களவு போனதென்று பயப்படுகிறவர் அதை நிறுத்த வேண்டாம் என்று சொல்வாரா? அந்த வசனத்தை நானே என் கையால் அடித்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நாலு எண்ணவில்லை. தமிழில் பேசிய சந்தோஷத்தில் இருந்தேன்.

பின்னேரம் மூன்று பத்துக்கு ஒரு பெண் எடுத்தாள். பெயர் இங்கே தர்ஷினி என்று இருக்கட்டும். ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறித் தொடங்கியவளை எனக்கு மாற்றியிருந்தார்கள். பின்னால் ஒரு சின்னப் பிள்ளை இருமுகிற சத்தம் கேட்டது.

“அக்கா, ஒரு விசயம் மட்டும் கேக்கவேணும். என்னட்டை இருக்கிறது அவற்ற கணக்கின்ர அடிஷனல் கார்ட். இதை நான் ஒரு கடையில பாவிச்சா, எந்த இடத்துக் கடை எண்டு அவருக்குத் தெரியவருமோ?”

“ஏன் தங்கச்சி கேக்கிறியள்?”

இந்தமுறை நாலு எண்ணினேன். தேவையிருக்கவில்லை.

“நான் பிள்ளையோட வீட்டை விட்டு வெளிக்கிட்டு ஆறு நாள். இஞ்ச பெண்களுக்கான ஒரு இடத்தில இருக்கிறன். ஆருக்கும் விலாசம் தெரியாது. நேத்துப் பிள்ளைக்குக் கடும் இருமல். கையில காசு இல்லை. மருந்து வாங்க ஒருக்கா, ஒரே ஒருக்காத்தான் பாவிச்சனான்.”

கணக்கைத் திறந்தேன். என் முதலெழுத்துகள் எனக்கு முன்னால் இருந்தன.

“தங்கச்சி, ஒரு நிமிசம். என்ன நடந்தாலும் போனை வைச்சிடாதேங்கோ” என்று சொல்லிவிட்டு மார்கரெட்டின் மேசைக்கு ஓடினேன். ஓடக் கூடாது என்பதும் ஒரு விதி.

நடந்ததைச் சொன்னேன். அவர் கோப்பைத் தள்ளினார். எனக்கு ஆத்திரம் வந்தது. இந்த நேரத்திலுமா? ஆனாலும் வாசித்தேன். மேலதிக கார்ட் வைத்திருப்பவருக்குக் கணக்கைப் பற்றியோ, கணக்குக்காரர் வங்கியோடு பேசியதைப் பற்றியோ எதுவும் தெரிவிக்கக் கூடாது.

“அடுத்த பந்தி.”

ஒருவருடைய உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து உண்டென்று நம்பக் காரணம் இருந்தால், மேற்பார்வையாளரின் பொறுப்பில், அந்த ஆபத்தைத் தவிர்க்கத் தேவையான அளவு மட்டும் தெரிவிக்கலாம்.

மார்கரெட் எழுந்து என்னோடு நடந்துகொண்டே கேட்டார். “தேவையான அளவு எது?”

“அவருக்குத் தெரியும் என்பது. எந்தக் கடை என்பது. எத்தனை மணிக்குத் தெரிந்தது என்பது.”

“யார் சொன்னது என்பது?”

நான் நடையை விரைவாக்கினேன்.

“அது அவளுக்கு இப்போது தேவையில்லை, ரெஜினா. அது உங்களுக்குத்தான் தேவை. இன்னொரு நாள் பார்க்கலாம்.”

பக்கத்தில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினார். நான் அழைப்புக்குத் திரும்பினேன்.

“தங்கச்சி, அவருக்குத் தெரியும். அந்தக் கெமிஸ்றின்ர தெருவும் தெரியும்.”

மிகவும் மெதுவாகக் கேட்டாள், “எத்தினை மணிக்கு?”

“காலமை பதினொண்டு இருவது.”

“அந்தக் கடை இஞ்சயிருந்து மூண்டு நிமிச நடை, அக்கா.”

அங்கே பொறுப்பில் இருக்கிற ஆளிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். அந்தப் பெண்ணோடு மார்கரெட் பேசினார். எந்த இடம், என்ன விலாசம் என்று மார்கரெட் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. எங்களுக்குத் தெரியாமல் இருப்பதே நல்லது. கார்டை உடனே நிறுத்திவிடட்டுமா என்று நான் எழுதிக் காட்டினேன். தலையை ஆட்டி மறுத்தார். நிறுத்தினால் கணவர் அடுத்ததாக அழைக்கும்போது மனைவி எங்களோடு பேசியிருக்கிறாள் என்பது விளங்கிவிடும். தாயும் பிள்ளையும் அங்கிருந்து வெளிக்கிட்டுப் போனபிறகு நிறுத்தலாம் என்றார். நாற்பது நிமிடத்தில் ஒரு கார் வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறது. ஐந்து மணிக்கு அந்தப் பொறுப்பாளர் எடுத்து, “போய்விட்டார்கள்” என்று ஒரே சொல் சொன்னார். கார்டை நிறுத்தினேன்.

அடுத்த இரண்டு நாளும் அந்தத் தெருவில் ஒரு தமிழர் தர்ஷினியின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடை கடையாகக் கேட்டிருக்கிறார் என்று பின்னால் அறிந்தோம்.

சம்பவப் புத்தகத்தில் நானே எழுதினேன். விசாரணை நடந்தது. நான் எந்த விதியையும் மீறவில்லை என்று எழுதி ஒப்பமிட்டுத் தந்தார்கள். அந்தக் கடிதத்தை வாசித்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது. மார்கரெட் தேநீர்க் கோப்பையை என் பக்கம் தள்ளிவிட்டு, “அப்படியானால் விதியில் ஓட்டை இருக்கிறது. அடைப்போம்” என்றார். இரண்டுபேரும் ஒரு வசனம் எழுதினோம். கணக்குக்காரர் களவு என்று சொல்லி, ஆனால் கார்டை நிறுத்த மறுத்தால், கடையின் இடத்தை வாசிக்காமல் மேற்பார்வையாளருக்கு மாற்ற வேண்டும். மேலிடம் ஏழு மாதம் இழுத்தடித்தது. மார்கரெட் விடவில்லை. கடைசியில் அது புத்தகத்தில் ஏறியது. நான் ஓய்வு பெறும்வரையில் இருந்தது. அதனால் எத்தனை பெண்கள் தப்பினார்கள் என்று எனக்குத் தெரியாது. சிலராவது தப்பியிருப்பார்கள் என்று உறுதியாகச் சொல்வேன்.

மூன்று மாதம் கழித்து தர்ஷினி எடுத்தாள். முதியோரைப் பராமரிக்கிற ஒரு கெயார் ஹோமில் வேலை கிடைத்திருந்தது. அவளைப் பராமரித்த நிறுவனத்தின் கடிதத்தோடு எங்கள் வங்கியிலேயே ஒரு சாதாரணக் கணக்குத் திறந்திருந்தாள். தன் பெயரில் ஒரு கார்ட் கேட்டு விண்ணப்பித்தபோது கணினி மறுத்துவிட்டது.

கடன் வரலாற்றுக் கோப்பில் அவளுடைய பெயரைப் போட்டுத் தேடினேன். வெறும் பக்கம். இந்த நாட்டில் அவள் வாழ்ந்த பதினொரு வருடத்துக்கு ஒரு வரிகூட இல்லை. வீட்டு வாடகை அவர் பெயரில், மின்சாரம் அவர் பெயரில், தொலைபேசி அவர் பெயரில். அவளுடைய பெயர் அச்சடித்திருந்த ஒரே பொருள் அந்த மேலதிக கார்ட்.

“பதினொரு வருசமா ஒரு மாசம்கூடப் பிந்தேல்லையே, அக்கா. ஸ்டேட்மென்ட் வந்தா எடுத்து வைச்சு, இண்டைக்குக் கட்டுங்கோ எண்டு சொல்லுறது நான்தானே.”

“அந்த நல்ல பேரெல்லாம் அவற்ற கோப்பிலதான் இருக்கு, தங்கச்சி.”

“அப்ப நான் இஞ்ச வந்து இறங்கின நாளில நிக்கிறன்.”

“ஓம். ஆனா இனி நடக்கிறதெல்லாம் உங்கட பேரில பதியும்.”

வேலையை நான் ஒழுங்காகப் பிரித்தேன். முதலாவது வாக்காளர் பட்டியல். அது பொதுப் பட்டியல், யாரும் பார்க்கலாம். ஆகவே ஆபத்தில் இருப்பவர்களுக்குப் பெயர் வெளியே தெரியாமல் பதிகிற ஒரு வழி உண்டு. கணவர் அவளை நெருங்கக் கூடாது என்று நீதிமன்றக் கட்டளை ஒன்று கிடைத்தது. அதைக் காட்டிப் பதிந்தாள். அப்படிப் பதிந்தால் கடன் வரலாற்று நிறுவனங்களுக்கும் பெயர் தெரியாது என்பதால் கவுன்சிலிடம் ஒரு சான்றிதழ் வாங்கி, எங்கே விண்ணப்பித்தாலும் அதைத் தனியாக அனுப்ப வேண்டும். கணினிக்கு அது விளங்காது. மனிதர் ஒருவர் எடுத்துப் பார்க்க வேண்டும். எங்கள் வங்கியில் அந்த மனிதரைத் தேடிப் பிடித்தேன். மூன்றாம் மாடியில் இருந்தார்.

அதற்கிடையில் அவள் அவசரப்பட்டு வேறு நாலு இடங்களில் விண்ணப்பித்துவிட்டாள். நாலும் மறுப்பு. ஒவ்வொரு விண்ணப்பமும் கோப்பில் தடம் விட்டுப்போகும் என்பது அவளுக்குத் தெரியாது. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“ஏன் என்னட்டைக் கேக்கேல்ல?”

“உங்களுக்கு எவ்வளவு கரைச்சல் குடுக்கிறது?”

“கரைச்சலை நான் பாத்துக்கொள்ளுறன். இனி ஆறு மாசத்துக்கு ஒரு இடத்திலயும் ஒண்டும் கேக்கவேண்டாம்.”

ஆறு மாதம் காத்திருந்தோம். பிறகு இருநூறு பவுண்ட் எல்லையோடு ஒரு கார்ட் வந்தது. அந்தக் கார்டில் மாதம் ஒரு மூட்டை அரிசி மட்டும் வாங்குவாள். முழுத் தொகையும் சம்பளத்துக்கு மறுநாள் தானாகக் கழியும். அடுத்த வருடம் தன் பெயரில் கைத்தொலைபேசி ஒப்பந்தம். அதற்கடுத்த வருடம் மின்சாரம்.

மாதம் ஒருமுறை, வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில், என் சொந்தத் தொலைபேசியிலிருந்து அவளை அழைப்பேன். “இண்டைக்கு என்ன கறி?” என்று கேட்பேன். கத்தரிக்காய் என்றால் பக்கத்தில் ஒருவரும் இல்லை, பேசலாம். வேறு எந்தக் கறியைச் சொன்னாலும் உடனே வைத்துவிடுவேன். இது எந்த விதிக்குள்ளும் வராத வேலை. மார்கரெட்டுக்குத் தெரியும். கேட்டதில்லை.

மார்கரெட் சொன்ன அந்த “இன்னொரு நாள்” மட்டும் வரவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எண்ணை அழுத்துவேன். அவள் கத்தரிக்காய் என்று சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனம் வராது. அலுவலகத்தில் எத்தனையோ பேருக்குக் கெட்ட செய்தி சொன்னவள் நான். இதைச் சொல்ல வாய் வரவில்லை.

ஆறு வருடம் போனது. மனோர் பார்க்கில் முருகன் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டின் மேல்மாடி வாடகைக்கு இருந்தது. ஏஜென்ட் அவளுடைய கடன் வரலாற்றைத் தேடிப் பார்த்தார். ஜாமீன் நிற்க ஆள் வேண்டும் என்று கேட்கப் போகிறார் என்று இரண்டுபேரும் பயந்துகொண்டிருந்தோம். மறுநாள் அவள் எடுத்தபோது என்ன கறி என்று கேட்கக்கூட விடவில்லை.

“பாஸ் அக்கா! ஆளே கேக்கேல்ல! என்ர பேர் மட்டும் போதுமாம்!”

பால் காய்ச்சுகிற அன்று என்னை வரச் சொன்னாள். ரயிலேறிப் போனேன். நேரில் பார்த்தது அன்றுதான் முதல்தடவை. நான் நினைத்ததைவிடக் குள்ளமாக இருந்தாள். மகள் உயர்ந்து வளர்ந்து, ஜன்னலுக்குத் திரை மாட்டிக்கொண்டு நின்றாள். அறையில் இன்னும் கதிரை இல்லை. பால் பொங்கியதும் தர்ஷினி கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டாள். நான் ஒரு பக்கமாக நின்று சிலுவை போட்டுக்கொண்டேன். மகளைக் கடைக்கு அனுப்பிவிட்டுத் தேநீர் ஊற்ற வந்தாள். இதற்குமேல் தள்ளிப்போட ஏலாது என்று நினைத்தேன்.

“தர்ஷினி, ஒரு விசயம். அண்டைக்கு உங்கட மனிசனுக்கு அந்தத் தெருவைச் சொன்னது...”

“நீங்கள்தான்.”

கேத்தலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். முகத்தில் கோபமில்லை.

“எப்பிடித் தெரியும்?”

“எத்தினை மணிக்கு எண்டு நான் கேட்டன். நீங்கள் உடன சொன்னீங்கள், பதினொண்டு இருவது எண்டு. கம்பியூட்டரைப் பாத்து வாசிக்கிற ஆள் ஒரு நிமிசம் பொறுங்கோ எண்டுதானே சொல்லுவா? அண்டைக்கு இரவே எனக்கு விளங்கிட்டுது.”

“தெரிஞ்சுகொண்டோ ஆறு வருசம் என்னோட கதைச்சனீங்கள்?”

“அவருக்குச் சொன்னது தெரியாமச் சொன்னது. எனக்குச் சொன்னது தெரிஞ்சு சொன்னது. ரெண்டும் ஒண்டோ, அக்கா?”

வெறும் நிலத்தில் உட்கார்ந்து சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். கீழே கதவு திறந்து மகள் படியேறி வருகிற சத்தம் கேட்டது. தர்ஷினி எழுந்து கோப்பையில் தேநீரை ஊற்றினாள்.

“சீனி போடட்டோ?”

டொக்டர் சொல்லிச் சீனியை விட்டு எட்டு வருடம்.

“ரெண்டு கரண்டி போடுங்கோ” என்றேன்.